தரையில் தண்ணீர் வேண்டாம், காற்றில் வேண்டும்: ஓக் மரத்தரைப் பராமரிப்பு வழிகாட்டி

எங்கள் வீட்டுக் கூடத்தில், தெற்கு ஜன்னலை ஒட்டி, சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஒரு கறுப்பு வளையம் இருந்தது. கறிவேப்பிலைத் தொட்டி வைத்த இடம் அது. டொராண்டோ குளிரில் கறிவேப்பிலை வெளியே பிழைக்காது. அக்டோபரில் உள்ளே வந்தால் மே மாதம்தான் திரும்ப வாசலுக்குப் போகும். அந்த ஏழு மாதமும் தொட்டிக்கு அடியில் கசிந்த ஈரம், ஓசையில்லாமல் ஓக் பலகைக்குள் இறங்கிக்கொண்டே இருந்திருக்கிறது. தொட்டியைத் தூக்கிய அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

நான் வளர்ந்தது மதுரையில், சிவப்பு சிமென்ட் தரை போட்ட வீட்டில். அந்தத் தரைக்கு எது நடந்தாலும் மருந்து ஒன்றுதான்: ஒரு வாளித் தண்ணீர். வெள்ளிக்கிழமை வீடு கழுவுவது என்றால் கதவிடுக்கு வழியாகத் தண்ணீர் தெருவுக்கே ஓடும். அந்தக் கை பழக்கம் விமானம் ஏறினாலும் விடுவதில்லை. அம்மா இங்கே வந்த முதல் வாரம் நான் தரை துடைப்பதைப் பார்த்துவிட்டு, "இதையா துடைச்சேன்னு சொல்ற? காலுக்கு ஈரமே தெரியலையே" என்றார். மரத்தரையைப் பொறுத்தவரை, காலுக்கு ஈரம் தெரியாத அளவுதான் சரியான அளவு.

ஆனால் அதே மரத்துக்கு ஈரமே இல்லாமலும் ஆகாது. தரையில் ஊற்றும் தண்ணீர் அதற்குப் பகை, காற்றில் இருக்கும் ஈரம் அதற்கு உணவு. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் முக்கால்வாசிச் சிக்கல்கள் வருகின்றன. எங்கள் வீடு 1950-களில் கட்டியது. தரை சிவப்பு ஓக். அதைவைத்துத்தான் எழுதுகிறேன். மேப்பிள், ஹிக்கரி, வால்நட் எதுவானாலும் பெரும்பாலும் இதே முறைதான்.

காலுக்குக் கீழே இருப்பது என்ன?

எதையும் வாங்குவதற்கு முன், எதற்காக வாங்குகிறோம் என்று தெரிய வேண்டும். கனடா வீடுகளில் இதற்கு எளிய வழி உண்டு. தரையில் சூடான காற்று வரும் துவாரத்தின் மூடியைக் கையால் தூக்குங்கள். வெட்டிய பலகையின் பக்கவாட்டு அங்கே தெரியும்.

மேலிருந்து கீழ்வரை ஒரே மரம், கனம் ஏறத்தாழ 19 மி.மீ. என்றால் அது முழு மரப் பலகை. மேலே மெல்லிய நல்ல மரமும் கீழே ஒட்டுப்பலகை அடுக்குகளும் தெரிந்தால் அது எஞ்சினியர்டு மரம். மேலே உள்ள அந்த அடுக்கு அரை மில்லிமீட்டரும் இருக்கலாம், 6 மி.மீ.யும் இருக்கலாம். அந்தக் கனம்தான் தரையின் ஆயுள். மேலே மர ரேகை, உள்ளே பழுப்பாக அட்டை போன்று அழுத்திய தூள் என்றால் அது லேமினேட். மரத்தின் படத்தை அச்சடித்து ஒட்டியது. அதை இழைக்கவும் முடியாது, அதற்கு வார்னிஷும் பிடிக்காது. இந்தக் கட்டுரையில் துடைப்பதைப் பற்றிச் சொல்வது மட்டும் லேமினேட்டுக்கும் பொருந்தும்.

எந்த மரம் என்பதும் கொஞ்சம் தெரிந்திருப்பது நல்லது. மரத்தின் கடினத்தை ஜான்கா அளவில் சொல்வார்கள். 11.28 மி.மீ. விட்டமுள்ள எஃகுக் குண்டைப் பாதி புதையும்வரை மரத்தில் அழுத்த எவ்வளவு விசை வேண்டும் என்பதைப் பவுண்டு கணக்கில் சொல்வதுதான் அந்த எண். சிவப்பு ஓக் 1290, வெள்ளை ஓக் 1360, கடின மேப்பிள் 1450, ஹிக்கரி 1820, வால்நட் 1010. நம் ஊரில் 'இரும்பு மாதிரி' என்று புகழும் தேக்குக்கூட ஆயிரத்தைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். தேக்கின் பெருமை கடினத்தில் இல்லை. அதன் எண்ணெயில் இருக்கிறது. தண்ணீரும் கறையானும் அதை எளிதில் நெருங்காது.

மேற்பூச்சைக் கண்டுபிடிப்பது

நாம் துடைப்பது மரத்தைக்கூட இல்லை, அதன் மேல் உள்ள பூச்சைத்தான். ஆகவே பூச்சு எது என்று தெரியாமல் கடைக்குப் போகாதீர்கள். கண்ணில் படாத ஒரு மூலையில், அலமாரிக்குள் இருந்தால் இன்னும் நல்லது, இரண்டு சோதனைகள் செய்யலாம்.

முதலில் ஒரு சொட்டுத் தண்ணீர். அது முத்துப்போல் உருண்டு நின்றால், பிளாஸ்டிக் போல இறுகும் பாலியூரித்தேன் மாதிரியான மேற்படலம் நல்ல நிலையில் இருக்கிறது. சில நிமிடங்களில் உள்ளே இறங்கி மரம் கருத்தால், படலம் தேய்ந்துவிட்டது, இல்லையென்றால் எண்ணெய்ப் பூச்சு பலமிழந்துவிட்டது. பத்து நிமிடத்தில் சொட்டு இருந்த இடம் வெளுத்தால் மெழுகாக இருக்க வாய்ப்பு அதிகம்.

அப்புறம், வெள்ளைத் துணியில் கொஞ்சம் மினரல் ஸ்பிரிட் (பெயின்ட் கரைப்பான்) தொட்டுத் தேயுங்கள். துணியில் மஞ்சளாகவோ பழுப்பாகவோ பிசுக்கு வந்தால் மெழுகு உறுதி.

பழைய வீடுகளில் ஷெல்லாக்கும் இருக்கும். அது நம் ஊர் அரக்குதான், பூச்சியிடமிருந்து எடுப்பது. ஆல்கஹால் பட்டால் கரைந்துவிடும். கை கழுவும் சானிடைசர் சொட்டிய இடமெல்லாம் பிசுபிசுவென்று ஆனால் உங்கள் தரையில் அரக்கு இருக்கிறது என்று அர்த்தம். பாலியூரித்தேன் பரவலாவதற்கு முன், அதாவது 1960-களுக்கு முன்பு போட்டு, பிறகு யாரும் இழைக்காத தரை என்றால் மெழுகோ அரக்கோ பழைய வார்னிஷோதான் இருக்கும். மெழுகுத் தரையில் தண்ணீர் கலந்த எந்தத் திரவமும் படக் கூடாது. அதற்குத் தூசி தட்டுவதும், வருடத்துக்கு ஒரு முறை மெழுகு தேய்த்து மெருகேற்றுவதும்தான் வழி. இனி வருவதெல்லாம் பாலியூரித்தேன் தரைக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

காற்றைக் கவனியுங்கள்

நான் மிகத் தாமதமாகக் கற்றது இதுதான், அதனால் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன்.

மரம் வெட்டிப் பல ஆண்டுகள் ஆன பிறகும் மூச்சு விடுவதுபோல ஈரத்தை வாங்கும், விடும். வாங்கினால் அகலத்தில் பெருக்கும், விட்டால் சுருங்கும். நீளத்தில் மாற்றம் கண்ணுக்கே தெரியாது. டொராண்டோவில் ஜனவரி மாதம் குளிர் கடுமையான நாளில் வெளியே மைனஸ் 10 டிகிரி. அந்தக் குளிர்க் காற்றில் தண்ணீர் மிகக் குறைவு. அதையே உள்ளே இழுத்து 21 டிகிரிக்குச் சூடாக்கினால், வேறு எந்த ஈரமும் சேராத பட்சத்தில், ஈரப்பதம் ஏறத்தாழ 10 சதவீதத்துக்கு இறங்கிவிடும். சமையல், குளியல், நம் மூச்சு எல்லாம் சேர்ந்து அதைக் கொஞ்சம் தூக்கிப் பிடிக்கின்றன. உதடு வெடிப்பதும் கதவுக் கைப்பிடியில் சுருக்கென்று மின்சாரம் அடிப்பதும் இதனால்தான். உதடு வெடிக்கும் அதே நாட்களில் தரையும் வெடிப்பு விடுகிறது.

எவ்வளவு சுருங்கும்? காற்றின் ஈரப்பதம் 50 சதவீதத்தில் இருக்கும்போது ஓக் மரத்துக்குள் ஏறத்தாழ 9 சதவீத ஈரம் இருக்கும். காற்று 20-25 சதவீதத்துக்குக் காய்ந்தால் மரத்துக்குள் 5 சதவீதம்தான் மிஞ்சும். அந்த நான்கு சதவீத இழப்பில், பழைய வீடுகளில் உள்ள 57 மி.மீ. அகலப் பலகை ஒவ்வொன்றும் 0.8 மி.மீ. வரை சுருங்கலாம். இப்போது எல்லோரும் ஆசைப்பட்டுப் போடும் 127 மி.மீ. அகலப் பலகை என்றால் இடைவெளி 2 மி.மீ.யை நெருங்கும். அகலப் பலகை அழகுதான். ஆனால் காற்றைக் கவனிக்க முடியாத வீட்டில் அது வேண்டாம் என்பேன்.

செய்ய வேண்டியது:

முதலில் காற்றின் ஈரப்பதத்தை அளக்கும் ஹைக்ரோமீட்டர் ஒன்று வாங்கி, கூடத்தில், வெயிலும் சூடான காற்றும் நேராகப் படாத இடத்தில் வையுங்கள். சில டாலர்தான். மரத்தரைக்காக வாங்கும் பொருட்களில் முதலாவது இதுதான், மாப் அப்புறம்.

குளிர்காலத்தில் 35 சதவீதத்தை ஒட்டி வைத்தால் போதும். 50-க்கு ஏற்ற நினைத்தால் ஜன்னல் கண்ணாடியில் தண்ணீர் வழிந்து, சட்டத்தில் பூஞ்சை பிடிக்கும். வெளியே மைனஸ் 20 என்றால் 30 சதவீதமே நல்லது. கோடையில் 50-ஐத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஏசி அதைப் பெரும்பாலும் பார்த்துக்கொள்ளும். நிலவறைக்கு மட்டும் ஈரம் உறிஞ்சும் இயந்திரம் தனியாக வேண்டியிருக்கும்.

வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸோடு சேர்ந்த ஈரமூட்டி இருந்தால், அதன் உள்ளே இருக்கும் பட்டையை ஒவ்வொரு குளிர்காலத் தொடக்கத்திலும் மாற்றுங்கள். கடின நீரின் சுண்ணாம்பு படிந்து அது கல்லாகியிருக்கும். நாங்கள் இந்த வீட்டுக்கு வந்து மூன்று குளிர்காலம் அந்தப் பட்டை இருப்பதே தெரியாமல் ஓட்டினோம். இயந்திரம் ஓடியது, மின்கட்டணம் வந்தது, ஈரம் மட்டும் வரவில்லை.

ஈரமூட்டி இல்லாதவர்கள் தனியாக ஒன்று வாங்கிக் கூடத்தில் வைக்கலாம். அதன் வாய் தரையைப் பார்க்காமல் இருக்கட்டும்.

வாசலிலேயே நிறுத்த வேண்டியவை

மரத்தரையைத் தேய்ப்பது மணல். சின்னச் சின்ன மணல் துகள் செருப்படியில் மாட்டிக்கொண்டு உள்ளே வந்து, நடக்கும் ஒவ்வொரு அடியிலும் உப்புத்தாள் வேலை செய்கிறது. செருப்பை வாசலில் விடும் பழக்கம் நமக்கும் உண்டு, கனடாக்காரர்களுக்கும் உண்டு, நல்லவேளை. குளிர்காலத்தில் இதோடு சாலை உப்பும் சேரும். பனி உருகி, உப்புக் கரைசல் பூட்ஸிலிருந்து வழிந்து காய்ந்தால் வெள்ளைப் படிவம். அதில் கால்சியம் குளோரைடு இருந்தால் அது காற்றிலிருந்தே ஈரத்தை இழுத்துக்கொண்டு பிசுபிசுத்துக் கிடக்கும்.

வெளியே ஒரு முரட்டு மிதியடி, உள்ளே உறிஞ்சும் மிதியடி, பக்கத்தில் பூட்ஸ் வைக்க விளிம்பு உயர்ந்த தட்டு. இவ்வளவுதான். உள் மிதியடியின் அடிப்பாகம் ரப்பரோ பிவிசியோ வேண்டாம். அதில் உள்ள மென்மையாக்கும் வேதிப்பொருள் பூச்சுக்குள் இறங்கி, மிதியடி வடிவத்திலேயே மஞ்சள் கறை விடும். அது துடைத்தால் போகாது. நெய்த துணி அடிப்பாகமும், கீழே ஒரு ஃபெல்ட் (அழுத்திய கம்பளித் துணி) விரிப்பும் போதும்.

வாராந்திர வேலை

தினமும் அல்லது ஒன்றுவிட்ட நாள் பெருக்குங்கள். நம் ஊர்ப் பூந்துடைப்பம் இதற்கு மிக நல்ல கருவி. தென்னங்குச்சி விளக்குமாறு கூடவே கூடாது. வேக்குவம் என்றால் சுழலும் பிரஷை நிறுத்திவிட்டு, மரத்தரைக்கான தலையை மாட்டுங்கள்.

வாரம் ஒரு முறை ஈரத் துடைப்பு. தட்டையான மைக்ரோஃபைபர் மாப், மரத்தரைக்கென்றே விற்கும், அமிலமோ காரமோ இல்லாத நடுநிலைத் திரவம். போனா போன்ற நிறுவனங்களுடையது எல்லாக் கடையிலும் கிடைக்கும். திரவத்தைத் தரையில் குளம் கட்டாமல் மாப் துணி மேலேயே தெளிப்பது என் வழக்கம். பலகையின் நீளவாக்கில் துடைத்து, துணி அழுக்கானதும் மாற்றுங்கள். துடைத்த இடம் ஒன்றிரண்டு நிமிடத்தில் காய வேண்டும். அதற்கு மேலும் பளபளத்தால் ஈரம் அதிகம்.

இனி, தவிர்க்க வேண்டியவை. ஒவ்வொன்றுக்கும் ஊரில் ஒரு வக்கீல் இருப்பார், அதனால் காரணத்தோடு சொல்கிறேன்.

வாளியும் நூல் மாப்பும்: ஒரு பலகையின் விளிம்பில் நீட்டிய நாக்கு அடுத்த பலகையின் பள்ளத்தில் கோத்திருக்கும். அந்த இணைப்பில் மேற்பூச்சு கிடையாது. தேங்கும் தண்ணீர் நேராக அங்கேதான் போகும்.

ஸ்டீம் மாப்: சூடான ஆவி அதே இணைப்பில் வாளித் தண்ணீரைவிட வேகமாக நுழையும். பூச்சும் நாளடைவில் வெளுத்து உரியும்.

வினிகர்: ஒரு முறை துடைத்தால் ஒன்றும் ஆகாது. வாரா வாரம் துடைத்தால் அமிலம் பளபளப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிடும். இயற்கையானது என்பதால் மென்மையானது என்று ஆகிவிடாது.

அம்மோனியா கலந்தவை: பூச்சை மங்கச் செய்யும். தேய்ந்த இடம் வழியாக ஓக் மரத்தைத் தொட்டால் மரமே கருக்கும்.

பினாயில்: அதன் வாசனை இல்லாமல் சுத்தம் ஆனதாக அம்மாவுக்குத் தோன்றாது. மரப்பூச்சுக்காகச் செய்தது இல்லை அது. மேலே ஒரு படிவம் விடும், அதில் தூசி ஒட்டும். குளியலறையோடு நிறுத்திக்கொள்ள ஒப்பந்தம் ஆகியிருக்கிறது.

எண்ணெய்ச் சோப்பும் பாலிஷும்: இவைதான் மறைமுக எதிரி. அன்றைக்குத் தரை மின்னும். ஆனால் நாளைக்குப் புதிய பூச்சு அடிக்கும்போது அது பிடிக்காது. சிலிக்கோன் கலந்த பாலிஷ் என்றால் புதுப் பூச்சில் மீன்கண் போலக் குழி குழியாக விழும்.

நம் வீட்டுக்கே உரிய விஷயங்கள்

ஆங்கிலத்தில் எழுதும் வழிகாட்டிகள் நாய் நகத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதும். கிரைண்டரைப் பற்றி ஒரு வரி இருக்காது.

வெட் கிரைண்டரின் கனம் ஒரு பிரச்சினை, அதன் ரப்பர் கால் இன்னொன்று. மிதியடிக்குச் சொன்ன அதே கறையை இதுவும் விடும். தடித்த ஃபெல்ட் விரிப்பின் மேல் ஒரு பலகை, அதன் மேல் கிரைண்டர். கழுவும்போது சமையல் தொட்டிக்குப் பக்கத்தில் தூக்கி வைத்துக் கழுவுங்கள். 40 பவுண்டு அரிசி மூட்டையை வாசலிலிருந்து சமையலறைக்கு இழுத்துக்கொண்டு போகாதீர்கள். அடியில் ஒட்டிய மணல் வழிநெடுகக் கோடு போட்டுவிடும்.

மஞ்சள் கறை பயமுறுத்தும், ஆனால் அது கோழை. உடனே சோப்புத் தண்ணீர் தொட்ட துணியால் துடைத்துவிட்டு, மிச்சக் கறையை வெயில் படவிடுங்கள். மஞ்சளின் நிறப்பொருளான குர்குமின் வெளிச்சத்தில் சிதைந்துவிடும். ஜன்னலோரம் என்றால் சில நாட்களில் வெளிறும். சாம்பாரில் உள்ள எண்ணெய்க்கு ஒரு சொட்டுப் பாத்திரச் சோப்பு, பிறகு வெறும் ஈரத்துணி, பிறகு உலர்ந்த துணி.

கோலம் நேராகத் தரையில் வேண்டாம். கடையில் விற்கும் வெள்ளைக் கோலப்பொடி பெரும்பாலும் கல்மாவு. காலில் பட்டால் அதுவும் உப்புத்தாள்தான். அரிசிமாவு பரவாயில்லை, ஆனால் ஈர மாக்கோலம் கூடாது. ஒரு மணையில் போட்டு வாசலில் வையுங்கள். குத்துவிளக்குக்குத் தாம்பாளம் கட்டாயம். நல்லெண்ணெய் வழிந்து பூச்சு தேய்ந்த இடத்தில் இறங்கினால் மரத்தின் நிறம் நிரந்தரமாக அடர்ந்துவிடும்.

செடித் தொட்டி: தட்டு மட்டும் போதாது. மண் தட்டு வழியாகவே ஈரம் கசியும். மண் தட்டுக்குக் கீழே பளபளப்பு ஏற்றிய பீங்கான் தட்டு, அதற்குக் கீழே காற்று போகும் உயரத்தில் கால் வைத்த நிலை. சக்கரம் வைத்த நிலை என்றால் தண்ணீர் ஊற்றும் நாளில் நகர்த்திப் பார்க்கவும் வசதி.

கறுப்புக் கறைக்கு என்ன வழி?

வெள்ளைக் கறை என்றால் ஈரம் பூச்சோடு நின்றுவிட்டது. கறுப்பு என்றால் மரத்துக்குள் போய்விட்டது. இது ஏன் கறுப்பாக இருக்கிறது என்பது சுவையான சங்கதி. ஓக் மரத்தில் டானின் என்ற துவர்ப்புப் பொருள் நிறைய. ஈரமும் துளி இரும்பும் சேர்ந்தால் அந்த டானின் கறுப்பாகிறது. கடுக்காயையும் அன்னபேதி என்ற இரும்பு உப்பையும் சேர்த்து மை காய்ச்சிய அதே வேதியியல். கலம்காரித் துணியின் கறுப்புக் கோடும் கடுக்காய் ஏற்றிய துணியில் இரும்புக் கரைசல் படுவதால் வருவதுதான். நான் ஒரு தொட்டியை வைத்து, தெரியாமல் தரையில் மை தயாரித்திருக்கிறேன்.

இதற்கு மாற்று ஆக்ஸாலிக் அமிலம். மர வெளுப்பான் என்ற பெயரில் கடையில் தூளாகக் கிடைக்கும். சேப்பங்கிழங்கு நாக்கை அரிக்கச் செய்யும் படிகங்களுக்கு உறவுக்காரன்; ஆனால் இது விஷம், விளையாட்டில்லை.

முதலில் மரம் நன்றாகக் காய வேண்டும். கசிவை நிறுத்தி, சில வாரம் விட்டுவிடுங்கள். பிறகு கறை உள்ள பலகைகளில் மட்டும், பலகையின் விளிம்புவரை, மேற்பூச்சை உப்புத்தாளால் எடுங்கள். வட்டமாக எடுத்தால் வட்டமாகவே தெரியும். முழுப் பலகையாக எடுத்தால் கண் ஏமாறும். கையுறை, கண்ணாடி போட்டுக்கொண்டு, டப்பாவில் சொன்ன அளவுக்கு வெந்நீரில் கரைத்து, பிரஷால் தடவுங்கள். கறுப்பு சில நிமிடங்களில் மங்கத் தொடங்கும். காயவிட்டு, தேவையானால் இன்னொரு முறை. கடைசியில் சுத்தமான தண்ணீர் தொட்ட துணியால் இரண்டு மூன்று முறை துடைத்து அமிலத்தை எடுத்துவிடுங்கள். காய்ந்த படிகத்தை உப்புத்தாளால் தேய்க்கக் கூடாது. அந்தத் தூள் மூக்குக்குள் போனால் ஆபத்து. எல்லாம் உலர்ந்த பிறகு மேற்பூச்சு.

எங்கள் வளையம் இரண்டாவது தடவையில் தொண்ணூறு சதவீதம் போனது. தெரிந்தவர்களுக்கு மட்டும் தெரியும் ஒரு நிழல் இன்னும் இருக்கிறது. நாய், பூனை மூத்திரக் கறை இந்த அளவுக்கும் விட்டுக்கொடுக்காது. ஆழமாக இறங்கியிருந்தால் பலகையை மாற்றுவதே வழி.

கீறல்

நகத்தால் குறுக்கே வருடிப் பாருங்கள். நகம் தடுக்கவில்லை என்றால் கீறல் பூச்சில் மட்டும். அதை விட்டுவிடலாம், அடுத்த பூச்சில் மறையும். நகம் மாட்டினால் மரம் வரை போயிருக்கிறது. மர நிற மெழுகுக் குச்சியை உள்ளே தேய்த்து நிரப்பி, பழைய பிளாஸ்டிக் அட்டையால் சமன் செய்யுங்கள். நிறத்தை எப்போதும் ஒரு படி வெளிர்நிறமாகத் தேர்ந்தெடுத்துத் தொடங்குவது நல்லது. நாற்காலிக் கால்களுக்கு ஃபெல்ட் ஒட்டிகள் போடுங்கள், ஆறு மாதத்துக்கு ஒரு முறை புரட்டிப் பாருங்கள். ஃபெல்ட்டில் மணல் ஏறினால் அதுவே கீறத் தொடங்கிவிடும்.

இடைவெளியும் வளைவும்

பிப்ரவரியில் பலகைகளுக்கு இடையே கோடு கோடாகத் தெரியும் இடைவெளியைப் பார்த்து, அதை அடைக்க மக்கு (மரப் பசை) வாங்க ஓடாதீர்கள். ஜூலையில் பலகை பெருக்கும்போது அந்த மக்கு நசுங்கி மேலே பிதுங்கும், அல்லது பலகை விளிம்பையே நொறுக்கும். கோடையிலும் மூடாத இடைவெளிக்கு மட்டும்தான் சிகிச்சை.

பலகையின் இரு விளிம்பும் உயர்ந்து நடு தாழ்ந்து ஓடுபோல் ஆனால், கீழிருந்து ஈரம் வருகிறது என்று பொருள். பாத்திரம் கழுவும் இயந்திரம், குளிர்சாதனப் பெட்டிக்குப் போகும் தண்ணீர்க் குழாய், நிலவறை ஈரம் இவற்றை வரிசையாகப் பாருங்கள். மூலத்தை அடைத்துவிட்டுப் பொறுமையாக இருங்கள். பல சமயம் மாதக்கணக்கில் தானாகவே சமனாகும். எங்களுக்குத் தெரிந்த ஒரு வீட்டில் வந்த வேலையாள் 'இப்பவே இழைச்சுடலாம்' என்று சொல்லி உயர்ந்த விளிம்புகளைச் சீவிவிட்டார். மரம் காய்ந்து பழைய நிலைக்கு வந்ததும் விளிம்பு பள்ளம், நடு மேடு. இப்போது அந்தக் கூடத்தில் நடந்தால் பாத்தி மேல் நடப்பது போலிருக்கிறது.

மேற்பூச்சைப் புதுப்பித்தல்

இதைச் சரியான நேரத்தில் செய்தால் முழுத் தரையையும் இழைக்கும் செலவு பல வருடம் தள்ளிப்போகும். நடமாட்டம் அதிகமுள்ள இடத்தில் தண்ணீர்ச் சொட்டு உருளாமல் பரவத் தொடங்கினால் நேரம் வந்துவிட்டது. புழக்கம் அதிகமான வீட்டில் மூன்று முதல் ஐந்து வருடத்துக்கு ஒரு தடவை. மரம் சாம்பல் நிறமாகும்வரை விட்டுவிட்டால் இந்த வழி மூடிவிடும்.

1. அறையைக் காலி செய்து, தரையைப் பெருக்கி, மரத்தரைத் திரவத்தால் துடைத்துக் காயவிடுங்கள்.

2. ஒரு மூலையில் உள்ளங்கை அளவு உப்புத்தாள் போட்டு, புதுப் பூச்சைத் தடவி, ஒரு நாள் கழித்து நாணய விளிம்பால் சுரண்டுங்கள். உரிந்து வந்தால் கீழே மெழுகோ பாலிஷோ இருக்கிறது. வேலையை அங்கேயே நிறுத்துங்கள். தொழிற்சாலையிலேயே அலுமினியம் ஆக்சைடு பூச்சோடு வந்த பலகையிலும் பிடிப்பது கடினம்.

3. பிடித்தால், வாடகை மெருகு இயந்திரத்தில் 150 எண் வலைத்தாள் (வலைபோல் நெய்த உப்புத்தாள்) மாட்டி முழுத் தரையையும் மங்கலாகும்வரை தேயுங்கள். விளிம்புகளைக் கையால். நோக்கம் பூச்சைச் சொரசொரப்பாக்குவது மட்டும், எடுப்பது இல்லை.

4. வேக்குவம் செய்து, லேசாக ஈரமாக்கிய மைக்ரோஃபைபரால் தூசியை எடுங்கள். ஃபர்னஸை நிறுத்திவிடுங்கள், இல்லாவிட்டால் காற்றில் தூசி வந்து ஈரப் பூச்சில் அமரும்.

5. டப்பாவைக் குலுக்காமல் குச்சியால் கிளறுங்கள். குலுக்கினால் வரும் குமிழிகள் தரையிலேயே உறையும்.

6. தூரச் சுவரில் தொடங்கிக் கதவை நோக்கி, பலகை நீளவாக்கில், முந்தைய கோட்டின் விளிம்பு காய்வதற்குள் அடுத்ததை அடியுங்கள். எந்தக் கதவு வழியாக வெளியேறப் போகிறீர்கள் என்பதை முதலிலேயே முடிவு செய்யுங்கள். இதை ஏன் சொல்கிறேன் என்று கேட்க வேண்டாம்.

நீர் சார்ந்த பாலியூரித்தேன் என்றால் ஒரு நாளில் காலுறையோடு நடக்கலாம், சில நாளில் மேசை நாற்காலி திரும்பலாம், கம்பளம் விரிக்க ஒன்றிரண்டு வாரம் பொறுங்கள். எண்ணெய் சார்ந்தது முழுதாக இறுக ஒரு மாதம் வரை ஆகும். அது நாளாக ஆக மஞ்சளிக்கவும் செய்யும். ஓக் மரத்துக்கு அது அழகு, வெளிர் மேப்பிளுக்குப் பொருந்தாது.

முழுவதும் இழைப்பது

இது கடைசி ஆயுதம். 19 மி.மீ. பலகையில் நாக்குக்கு மேலே இருப்பது ஏறத்தாழ 6 மி.மீ.தான். ஒவ்வொரு முழு இழைப்பும் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டரைத் தின்னும். பழைய வீடு என்றால் உங்களுக்கு முன் எத்தனை பேர் இழைத்தார்களோ. மறுபடி அந்தக் காற்றுத் துவாரத்து மூடியைத் தூக்கி, நாக்குக்கு மேல் எவ்வளவு மிச்சம் என்று அளந்து பாருங்கள். பலகை இடுக்கில் ஆணித்தலை தெரியத் தொடங்கியிருந்தால் இனி இழைக்க ஒன்றுமில்லை. மேல் அடுக்கு 2 மி.மீ.க்குக் குறைந்த எஞ்சினியர்டு மரத்தையும் இழைக்க வேண்டாம்.

உருளை இழைப்பு இயந்திரத்தை வாடகைக்கு எடுத்து நாமே செய்யலாம்தான். ஒரு நொடி நின்ற இடத்தில் நின்றால் பள்ளம் விழும், அதை எடுக்க அறை முழுவதும் இறக்க வேண்டும். நான் இதற்கு ஆள் வைத்தேன், வருத்தமில்லை. 1960-க்கு முந்தைய வீடு என்றால் பழைய பூச்சில் ஈயம் இருக்கிறதா என்று சோதிக்காமல் யாரையும் இழைக்க விடாதீர்கள்.

நீங்களே செய்தாலும் ஆள் செய்தாலும் மாலையில் இரண்டைப் பாருங்கள். இழைத்த தூளும் பழைய பூச்சும் கலந்த பை தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக் கூடியது. இரவில் வீட்டுக்குள்ளோ கராஜிலோ இருக்கக் கூடாது. ஆளிவிதை எண்ணெய் போன்ற எண்ணெய்ப் பூச்சு துடைத்த துணிகளும் அப்படித்தான். சுருட்டி மூலையில் போடாமல், வெளியே ஒவ்வொன்றாக விரித்துக் காயப்போடுங்கள், அல்லது தண்ணீர் நிரப்பிய தகர டப்பாவில் அமுக்கி மூடுங்கள்.

மிஞ்சிய பலகைகள் இருந்தால் நிலவறையில் அடுக்காதீர்கள். அங்கே ஈரம் குடித்துப் பெருத்துவிடும், தேவைப்படும் நாளில் பள்ளத்தில் நுழையாது. தரை இருக்கும் அதே மாடியில், கட்டிலுக்கு அடியில் வையுங்கள். எங்கள் கட்டிலுக்கு அடியில் ஐந்து இருக்கின்றன.